சாவை எழுதாத வீடு

என் மூன்றாவது நாவலில் கடைசி அத்தியாயம் மட்டும் மிச்சமிருந்தபோது தேயிலைத் தோட்டத்து லயத்தைவிட்டுக் குடிபோனோம். அதுதான் பிழை. கொஞ்ச நாள் பொறுத்துப் போயிருக்கலாம்.

பொறுக்காததற்குக் காரணம் என் நோய். மார்பில் புற்று. அறுத்து எடுத்தாயிற்று. அதன்பிறகு மூன்று கிழமைக்கு ஒருமுறை கண்டிக்குப் போய் மருந்து ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டு வந்தால் படுக்கைதான். எங்கள் லிந்துலைப் பக்கம் மழை பிடித்தால் விடாது. வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்த லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பரா ஒழுகும். மேட்டில் வீட்டுத் திட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த தனி வீட்டுக்குக் கூரை போட்டு முடிந்திருந்தது. அடுத்த மருந்துக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று என் வீட்டுக்காரர் நாள் பார்த்துவிட்டார். நான் மறுத்துப் பேசவில்லை. ஒழுகாத வீட்டில் படுக்க எனக்கும் ஆசை இருந்தது.

சாமான் தூக்க லயமே வந்தது. அலுமாரியைத் தூக்கியவர்கள், "அக்கா, இதுக்குள்ள ஒங்க கதைங்கதான் கெடக்கா? இந்தக் கனம் கனக்குது," என்றார்கள்.

"கதையில்ல. அவரோட பழைய சட்டைங்க," என்றேன்.

பால் காய்ச்சினோம். பூசாரி திருநீறு பூசினார். போகும்போது, இந்த வீட்டில் ஒரு மண்டலத்துக்குச் சாவுப் பேச்சு எடுக்கக்கூடாது என்றார். எங்கள் ஆட்களிடம் அந்தப் பழக்கம் உண்டு. அந்த நாட்களில் யாராவது செத்தால்கூட நம்மை வெளியே கூப்பிட்டு, ரோட்டில் வைத்துத்தான் சொல்வார்கள்.

என் நாவலின் கடைசி அத்தியாயம் ஒரு சாவு.

அது நான் யோசித்து உண்டாக்கியது அல்ல. லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருந்த பெரியம்மா, தனி வீடு கிடைக்கும், கிடைக்கும் என்று சொல்லிச் சொல்லியே இருந்து, கிடைக்காமல் செத்துப்போனார். உடலைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருத்தி. அந்தச் சாவை எழுதத்தான் நாவலையே தொடங்கினேன். எட்டாம் வகுப்போடு கொழுந்தெடுக்கப் போனவள் நான். சோடித்து எழுத வராது. நடந்ததை எழுதுவேன். அவ்வளவுதான்.

புது வீட்டுக்கு வந்து மருந்து ஏற்றியதும் விரல்கள் மரத்துப்போயின. பேனை நழுவியது. சட்டைப் பொத்தானே போட முடியவில்லை.

"நீ சொல்லு, நான் எழுதுறேன்," என்றார் வீட்டுக்காரர். ஃபெக்டரியில் தேயிலை மூட்டைகளுக்கு எழுத்துப் போட்ட கை அது. ஒரு பக்கத்தில் ஏழெட்டு வரிதான் கொண்டது.

"மூட்டையில்லங்க, கடதாசி."

"தூரத்தில இருந்து பாத்தாலும் வெளங்கணுமில்ல?"

அப்படியே போனது. சாவு வந்த இடத்தில், "மூச்சு நின்றது" என்று சொன்னேன். அவர் பேனையைக் கீழே வைத்தார்.

"இத நான் எழுத மாட்டேன்."

"ஏங்க?"

"மண்டலம் முடியல."

"கதைதானங்க?"

"கதையோ என்னமோ. ஒனக்கு மருந்து ஏறிக்கிட்டு இருக்கு. பால் காய்ச்சின வீட்ல ஒக்காந்து, ஒரு பொம்பளை செத்துட்டான்னு என் கையால எழுதணுமா? வேற சொல்லு, புள்ள."

என் நோய்க்கு அவர் பயந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மண்டலம் முடியும்வரை வைத்திருக்கலாம். ஆனால் அதுவரை நான் இருப்பேனா என்று எனக்கு நிச்சயமில்லை. பாதியில் கிடக்கிற நாவலைவிட எப்படியாவது முடிந்த நாவல் மேல் என்று பட்டது. வேறு சொன்னேன். கதையில் அவளுக்கு வீடு கிடைக்கிறது. பால் காய்ச்சுகிறாள். எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அவர் எழும்பாமல் உட்கார்ந்து எழுதி முடித்தார். அப்படியே அச்சுக்குப் போனது.

நான் சாகவில்லை. மண்டலம் முடிந்தது. மருந்து ஏற்றுவதும் முடிந்து, இப்போது தினம் விழுங்கும் குளிசையும் கிளினிக்குமாக ஓடுகிறது. இருந்துவிடுவேன் என்று தெரிந்திருந்தால் பொறுத்திருப்பேன்.

புத்தகம் வந்ததும் ஒன்றைப் பெரியம்மாவின் மகளுக்குக் கொடுத்தனுப்பினேன். அவள் இன்னமும் அதே காம்பராவில்தான் இருக்கிறாள். சில நாள் கழித்து இறங்கிப் போய்ப் பார்த்தேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

"படிச்சியா?"

"படிச்சேன்க்கா. எங்கம்மா பேசுற மாதிரியே இருந்திச்சி. ஏசுறதுகூட அப்படியே." சிரித்தாள். "கடைசியில அம்மாவுக்கு வீடு குடுத்துட்டீங்க."

நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

"செத்தவங்களுக்குக் குடுத்துட்டீங்க, சரி. உசுரோட இருக்கேனே, எனக்கு எப்ப குடுப்பீங்க?"

கேலிதான். அவள் எப்போதும் அப்படிப் பேசுகிறவள். ஆனால் சிரித்து முடித்தபிறகு, "நீங்களுந்தானக்கா குளிப்பாட்டினீங்க," என்றாள். கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நடந்ததைச் சொல்லியிருக்கலாம். பழி வீட்டுக்காரர்மேல் போயிருக்கும். எழுதியது அவர் கை, ஆனால் சொன்னது என் வாய். எழும்பி வந்தேன்.

மேடு ஏறி வந்தபோது வீட்டுக்காரர் வாசலில் நின்றார்.

"அந்தப் புள்ள படிச்சிருச்சா? என்ன சொல்லிச்சி?"

"முடிவு நல்லா இருக்குன்னு சொன்னிச்சி."

"நாந்தான் அப்பவே சொன்னேன்ல," என்றார்.