முதல் வருஷப் பாடம்

அவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அடுக்குமாடிக் கட்டிடங்களில் லிஃப்ட் பாதியில் நின்று, உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கத்த ஆரம்பித்தால் அவருக்குத்தான் போன் வரும். கதவிடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, காத்து வர வழி இருக்கு, இதோ ஆச்சு" என்று பேசிக்கொண்டே வேலை பார்ப்பார். வீட்டில் அவ்வளவு பேச்சு கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "ஊர் லிஃப்டையெல்லாம் ஓட விடுற, நீ மட்டும் தரைத்தளத்துலயே நிக்கிறியே" என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டலடிப்பார்கள். சிரித்துவிட்டுக் கைத்துணியில் கிரீஸைத் துடைத்துக்கொள்வார்.

வீட்டில் அம்மா, அவர், தங்கை, மூன்று பேர்தான். தங்கை ரொம்ப இளையவள். அவள் தொட்டிலில் கிடந்தபோதே அப்பா போய்விட்டார். பெயர் ஒன்று இருந்தாலும் வீட்டில் அவள் சிட்டு.

சிட்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வாயும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அண்ணன் விடிந்ததும் வேலைக்குப் போக வேண்டியவர். அதனால் அம்மாவைத் துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, துணி மாற்றுவது எல்லாம் சிட்டுவின் தலையில் விழுந்தன. முகம் சுளிக்காமல் செய்தாள். ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஸ்பூனால் ஊட்டுவாள். தூக்கி உட்கார வைத்தால் அம்மாவுக்குத் தோள் வலி உயிர் போகும், அழுதுவிடுவாள். அதனால் படுத்த வாக்கிலேயே ஊட்டினாள். நடுவில் அம்மா இருமுவாள். "தொண்டை காஞ்சிருக்கும்மா, இந்தா இன்னொரு வாய்" என்று கொஞ்சிக் கொஞ்சிக் கொடுப்பாள்.

ஒரு மழைக்காலத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் நிமோனியா என்றார்கள். திரும்பி வரவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் சிட்டுவைக் கட்டிக்கொண்டு ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். "பெத்தா இப்படி ஒரு பொண்ணைப் பெறணும். நர்ஸ்கூட இப்படிப் பாத்துக்க மாட்டா." அந்த வார்த்தை அவளுக்குள் ஊன்றிவிட்டது. பிறகு யார் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டாலும் யோசிக்காமல் சொன்னாள், நர்சிங் என்று.

பெரிய கல்லூரிகளுக்கு மார்க் போதவில்லை. ஒரு சின்னத் தனியார் கல்லூரியில் இடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு அண்ணனும் தங்கையும் போனார்கள். கீழே மருந்து மொத்தக் கடை, மேலே இரண்டு மாடி கல்லூரி. சேர்க்கைக்கு இருந்த அம்மாள், துணிக்கடையில் துணி விரித்துப் போடுவதுபோல மூன்று பட்டப்படிப்புகளை விரித்துக் காட்டினார்: பொது நர்சிங், பிரசவமும் தாய்சேய் நலமும், மனநலம். மூன்றும் நாலு வருஷம்.

"எனக்குப் பொது நர்சிங்தான்" என்றாள் சிட்டு. "படுத்த படுக்கையா இருக்கவங்களைப் பாத்துக்கணும்."

"உங்க விருப்பம்தான்மா. சர்டிஃபிகேட் எல்லாம் ஒரு தடவை பாத்துடறேன். சார், நீங்க அதுவரைக்கும் சுத்திப் பாருங்க."

அவர் வராந்தாவில் நடந்தார். ஒரு கதவு திறந்திருந்தது. பயிற்சி அறை. கட்டிலில் ஆளுயர ரப்பர் பொம்மை ஒன்று படுத்திருந்தது, சுற்றிலும் மாணவிகள். அதற்குத் தாத்தா என்று பெயர் வைத்திருந்தார்கள் போலும். ஒரு பெண் ஸ்பூனைத் தாத்தாவின் வாய்க்குக் கொண்டுபோனாள்.

"நில்லு" என்றார் ஆசிரியை. "தாத்தாவைக் கொன்னுட்ட."

எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க. தலைமாட்டைத் தூக்கினியா? பக்கவாதம் வந்தவங்களுக்கு ஒழுங்கா விழுங்க வராது. படுக்க வெச்சு ஊட்டினா வயித்துக்குப் போறது நுரையீரலுக்குப் போயிடும். இருமினாங்கன்னா உடனே நிறுத்தணும். நிறுத்தாம ஊட்டிக்கிட்டே இருந்தா காய்ச்சல் வரும், சளி கட்டும், அப்புறம் ஆளே இருக்க மாட்டாங்க."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். வருஷக்கணக்காக அறுந்த கம்பிகளையும் தேய்ந்த சக்கரங்களையும் பார்த்துப் பழகிய மனிதர். எது எதனால் போயிற்று என்று கண்டுபிடிப்பதுதான் அவர் பிழைப்பு. அம்மாவின் சாவுக்கு மட்டும் அந்தக் கேள்வியை அவர் கேட்டதே இல்லை. கேட்காமலே இப்போது பதில் வந்துவிட்டது.

திரும்பி வந்தவர் உட்காரக்கூட இல்லை. "பிரசவப் படிப்பே எடு சிட்டு."

"என்னண்ணா திடீர்னு? வர்ற வழியெல்லாம் பொதுன்னுதானே பேசிட்டு வந்தோம்?"

"அதெல்லாம் வேண்டாம். குழந்தைங்க பொறக்குற இடம், மனசுக்கு நல்லாயிருக்கும். சொன்னாக் கேளு."

சேர்க்கை அம்மாள் சமாதானம் செய்துவைக்கிற குரலில் சொன்னார். "எதை எடுத்தாலும் கவலைப்படாதீங்க சார். வேணும்னா அப்புறம் மாத்திக்கலாம். முதல் வருஷம் மூணுக்கும் ஒண்ணுதான். ஊட்டுறது, குளிப்பாட்டுறது, கட்டுப் போடுறது, எல்லாம் எல்லாரும் சேர்ந்து படிக்கிறதுதான்."

அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில், நர்சிங்கே வேண்டாம் என்றார். கம்ப்யூட்டர் படி, கணக்குப் படி, எது வேண்டுமானாலும் படி என்றார். ஏன் என்று கேட்டவளுக்கு, கஷ்டமான வேலை, உடம்பு தாங்காது என்று ஏதோ சொல்லி மழுப்பினார்.

"அம்மாவுக்கு நான் செஞ்சதை விடவா கஷ்டம்?" என்றாள் அவள்.

அவள் பொது நர்சிங்கில் சேர்ந்தாள்.

வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து, வேலை முடிந்து வந்ததும் முதலில் அவள் முகத்தைத்தான் பார்ப்பார். எலும்புகளின் பெயர் ஒப்பிப்பாள், ஊசி போடப் பழகிய கதை சொல்வாள். அப்பாடா என்றிருக்கும். நாமே சொல்லிவிடலாம் என்று பல முறை நினைத்தார். ஒரு காலை பஸ் ஸ்டாப்பில், "சிட்டு, அம்மா விஷயமா ஒண்ணு..." என்று ஆரம்பித்தும்விட்டார். பஸ் வந்துவிட்டது. அவள் ஏறிக் கையசைத்தாள். பஸ் வந்ததில் அவருக்குச் சந்தோஷம்தான்.

ஒருநாள் சாயங்காலம் வீடு திரும்பியபோது அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவருக்கு விளங்கிவிட்டது.

"அண்ணா, அம்மாவை உக்கார வெச்சு ஊட்டியிருக்கணுமாம்."

"நான்தானே படுக்க வெச்சே ஊட்டுன்னு சொன்னேன்."

"நீ சொல்லல. நானாத்தான் செஞ்சேன்."

"டாக்டர் அன்னிக்கே சொன்னாரு சிட்டு, எப்படிப் பாத்தாலும் கொஞ்ச நாள்தான்னு."

"எந்த டாக்டர்?"

அவர் கைத்துணியை எடுத்து, துடைத்த விரலையே மறுபடி துடைத்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியும். இல்ல?"

"சேக்கப் போன அன்னிக்கு. அங்க ஒரு ரூம்ல சொல்லிக் குடுத்துட்டு இருந்தாங்க."

"அதான் பிரசவப் படிப்பா." செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு அழாமல் சொன்னாள். "யாருக்காவது ஊட்டிப் பழக்கம் இருக்கான்னு மேடம் கேட்டாங்க. நான் கையைத் தூக்கினேன். எங்கம்மாவுக்கு நான்தான் ஊட்டினேன்னு பெருமையா சொல்லிட்டுப் போய்ச் செஞ்சு காமிச்சேன். கிளாஸ் பூரா பாத்துட்டிருந்துச்சு. நீ சொல்லியிருந்தா இங்கயே, வீட்டுலயே அழுது தீத்திருப்பேன்."

அதன் பிறகு கல்லூரிக்குப் போகாமல் சில நாள் படுத்தே கிடந்தாள். அந்த ஆசிரியை வீடு தேடி வந்தார். சின்னப் பெண், யாரும் சொல்லித் தரவில்லை, தப்பு உன்னுடையது இல்லை என்று எவ்வளவோ சொன்னார். சிட்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மறுபடி போனாள். மனம் தேறிப் போனாள் என்று சொல்ல முடியாது. வேறு என்ன செய்வதென்று தெரியாததால் போனாள். சுமாராகப் படித்துப் பட்டம் வாங்கினாள்.

வேலைக்கு வேறு ஊரில் ஒரு ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வார்டில் போடுகிறோம் என்றபோது மறுத்துவிட்டாள். அண்ணன் காரணம் கேட்கவில்லை. அவளே ஒரு தடவை போனில், "இங்க வந்ததுமே எல்லாரையும் மயக்கத்துல போட்டுடுவாங்க, மயக்கத்துலயே போவாங்க. யாருக்கும் எதுவும் குடுக்க வேண்டியதில்ல" என்றாள். அவர் "நல்லது" என்றார்.

வாரம் ஒரு தடவை பேசிக்கொள்வார்கள். மழை, லிஃப்ட், வீட்டுக் குழாய் இதைத் தாண்டிப் பேச்சு போகாது. கோபம் போய்விட்டதா என்று அவருக்குத் தெரியாது. அவளுக்கே தெரியுமோ என்னவோ.

போன வருஷம் அவர் கடும் காய்ச்சலில் விழுந்தார். பக்கத்து வீட்டுக்காரர் தகவல் சொல்ல, அவள் லீவு போட்டுவிட்டு ஓடி வந்தாள். நெற்றியில் ஈரத்துணி போட்டாள், வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தாள், வியர்வையில் நனைந்த சட்டையை மாற்றிவிட்டாள். எல்லாம் அம்மாவுக்குச் செய்த அதே கைகள். சாப்பாட்டு வேளை வந்ததும் அவரைச் சாய்த்து உட்கார வைத்து, தட்டைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு அறைக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். காய்ச்சலில் ஸ்பூன் வாய்க்கு நேராகப் போகவில்லை. பாதி சிந்தியது.

"சாப்ட்டியாண்ணா?" என்று வெளியிலிருந்தே கேட்டாள்.

"சாப்ட்டேன்" என்றார், ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு.

காய்ச்சல் விட்டதும் பஸ் ஏறிப் போய்விட்டாள்.