ஹீட்டரோடு போட்டியிட்ட உடம்பு

“உலகமே பத்தி எரிஞ்சாலும் என் உடம்புச் சூடு ஒரு இம்மி ஏறாது!” என்று ஐஸ்கட்டி ஒருமுறை ஆய்வுக்கூடத்து கேன்டீனில் மேசையைத் தட்டிச் சொன்னார். தட்டிய வேகத்தில் பக்கத்தில் இருந்தவரின் டீ கொட்டியது. வரலாறு அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஐஸ்கட்டி என்பது பட்டப்பெயர். உத்தியோகம், சும்மா உட்கார்ந்திருப்பது. சிரிக்க வேண்டாம், அதற்கென்றே அங்கே கண்ணாடி ஜன்னல் வைத்த ஓர் அறை உண்டு. நாம் சாப்பிட்டதெல்லாம் உயிரணுக்களுக்குள் புகையில்லாமல், அவசரமில்லாமல் எரிகிறது. அதில் கொஞ்சம் வேலையாகிறது, மீதி சூடாகிறது; எதுவும் காணாமல் போவதில்லை. அந்த அறைக்குள் இருப்பவர் விடும் சூட்டை வெளியே திரையில் ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிடும். கருவி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க, ஆடாத கோடு ஒன்று வேண்டும். அந்தக் கோட்டுக்கு உரிமையாளர் நம்மவர்.

“நான் முழுச் சமநிலைக்கு வந்துட்டேன் மேடம்” என்பார்.

“அந்த நிலைக்கு வந்துட்டா ஆள் போய்ச் சேர்ந்துட்டார்னு அர்த்தம்ண்ணே. உயிர் இருக்கிறவரைக்கும் எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கணும்” என்பார் ஆய்வாளர்.

ஒரு நாள் அந்தப் பதவிக்கே வேட்டு வந்தது. மேலிடம் ஒரு மின்சார ஹீட்டரை வாங்கி அனுப்பியது. அது தும்மாது, லீவு கேட்காது. காலையில் அதன் கோடு ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் வந்தது. மதியம் ஐஸ்கட்டியின் முறை. கோடு ஆடாவிட்டால் நாற்காலி அவருக்கு. ஆடினால் அவர் ஸ்டோர் ரூமுக்கு.

போதாத காலம், ஜன்னலுக்கு எதிரே இருந்த மைதானத்தில் அன்றைக்குத்தான் டிரைவிங் டெஸ்ட். வரிசையில் அவருடைய மனைவி. போன தடவை கம்பத்தைச் சாய்த்துவிட்டு வந்தவர்.

“நான் பாஸாயிட்டா என்ன பண்ணுவீங்க?” என்று காலையில் கேட்டிருந்தார்.

“என்ன பண்றது? சும்மா உட்கார்ந்திருப்பேன்.”

“அதுக்குத்தானே சம்பளமே தர்றாங்க!”

இப்போது மனைவியின் கார் பின்பக்கமாகக் கம்பங்களுக்கு நடுவே நுழைந்தது. ஐஸ்கட்டியின் முகம் கற்சிலை. ஆனால் மடியில் போர்த்தியிருந்த போர்வைக்கு அடியில் வலது கால் தரையை பிரேக்காக நினைத்து மிதித்தது. இடது கால் கிளட்சுக்குப் பொறுப்பேற்றது. தரை அசையுமா? அசையாததை எவ்வளவு அழுத்தினாலும் வேலை என்று எதுவும் நடக்காது. எரிந்ததெல்லாம் சூடாகவே வெளியேறும். கோடு கிளம்பிவிட்டது.

“அண்ணே, உள்ள என்ன பண்றீங்க?” என்றது மைக்.

“சும்மாதான் இருக்கேன் மேடம்.”

“கோடு மாடிப்படி ஏறுதே!”

“கருவியில ஏதோ கோளாறு.”

கார் கம்பத்தை நெருங்கியது. கண்ணை மூடிக்கொண்டால் நாற்காலி தப்பும். மூடியும் பார்த்தார், இமை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒரு விரல் இடைவெளியில் கார் நின்றது. அதிகாரி கட்டைவிரலை உயர்த்தினார். மனைவி இறங்கி, ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

“கொஞ்சம் அடங்கி உட்காருங்கண்ணே, கோடு இறங்கிடும். இன்னும் நேரம் இருக்கு” என்றது மைக்.

ஐஸ்கட்டி எழுந்தார். போர்வையை மடித்து நாற்காலியில் வைத்தார். கண்ணாடி அருகே போய், இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, சத்தம் வெளியே கேட்காத அந்த அறைக்குள் குதிக்கத் தொடங்கினார்.