தாடிக்காரனின் ஷேவிங் பிரஷ்

மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனில் நிற்பவன் நான். அங்கே நிற்கிறவன் முகத்தில் ஒரு முடி தெரியக் கூடாது. காய்ச்சலோ, தீபாவளியோ, காலையில் எழுந்தால் முதல் வேலை சவரம்தான். வருஷக்கணக்காக நைலான் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துக் கழுத்தெல்லாம் சிவந்து தடித்துப்போயிருந்தது. ஒருநாள் வெறுத்துப்போய், பேட்ஜர் என்கிற வளைக்கரடியின் முடியில் செய்த பிரஷ் ஒன்றை ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். விலையை மனைவியிடம் பாதியாகக் குறைத்துத்தான் சொன்னேன். அதற்கே திட்டு விழுந்தது.

பிரஷ் வந்த அதே வாரம் அவள் கர்ப்பம் என்று தெரிந்தது. கல்யாணமாகி, கோயில் கோயிலாக ஏறி, டாக்டர் டாக்டராக மாறி, இனி இல்லை என்று இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்ட பிறகு வந்த கர்ப்பம். சேதி கேட்டதும் என் அத்தை, அதாவது அவளுடைய அம்மா, செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னிலேருந்து நீ மூஞ்சில கத்தி வெக்கக் கூடாது. கொயந்த பொறக்கற வரிக்கும் முடி வெட்டக் கூடாது, கடல்ல முழுவக் கூடாது, பொணம் தூக்கக் கூடாது. புரிதா?"

"ரிசப்ஷன்ல தாடியோட நின்னா வேல பூடும் அத்த."

"பூட்டா போவட்டும். வேல இன்னொன்னு வரும். இது வருமா?"

ஒப்புக்கொண்டேன். இந்தச் சம்பிரதாயத்தில் எனக்கு நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், இல்லை. ஆனால் அந்த நிலைமையில் தலைகீழாக நில் என்று சொல்லியிருந்தாலும் நின்றிருப்பேன். மேனேஜர் நல்ல மனுஷர். "எங்க ஊர் பக்கமும் இது உண்டுப்பா" என்று சொல்லி, குழந்தை பிறக்கும்வரை என்னைப் பின்பக்கம் ஸ்டோர் ரூமுக்கு மாற்றிவிட்டார். துண்டும் சோப்பும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆக, புது பிரஷ் இருக்கிறது, சவரம் செய்ய முகம் இல்லை. பெட்டியைத் திறக்காமலே வைத்திருக்கலாம். ஆனால் இந்த மாதிரி பிரஷ்ஷை எடுத்த எடுப்பில் முகத்தில் வைக்க முடியாது, முதலில் பழக்க வேண்டும் என்று உள்ளே ஒரு சீட்டு இருந்தது. வீடியோக்களிலும் அதையேதான் சொன்னார்கள். சரி, எப்படியும் மாதக்கணக்கில் நேரம் கிடக்கிறது, குழந்தை பிறக்கும்போது இதுவும் பக்குவமாகட்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வேலை ஆரம்பித்தது.

முதல் தடவை தண்ணீரில் நனைத்ததும் அடித்த நாற்றம் இருக்கிறதே, அப்பப்பா! மழையில் நனைந்த நாய் சாக்குமூட்டைக்குள் படுத்த மாதிரி. மனைவி அடுப்படியிலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"இன்னா மாமா இது, கருமம்! வூட்டுக்குள்ள இன்னாத்த சாவடிச்ச?"

"வளைக்கரடி முடி."

"கரடியா? என்னிய கட்டிகினது பத்தாதுன்னு கரடி வேற வூட்டுக்குள்ள ஒரு கேடா?"

ஷாம்பு போட்டு அலசினேன். நாற்றம் கொஞ்சம் குறைந்தது. பிறகு சோப்பைக் குழைத்து நுரை பண்ணப் பார்த்தால், நுரையே வரவில்லை. எங்கள் போர் தண்ணீர் அப்படி. கடலுக்குப் பக்கத்தில் வீடு, வாளி அடியில் வெள்ளையாக உப்புப் படியும். சோப்பு தயிர் திரிந்த மாதிரி ஆகி முடிக்குள் ஒட்டிக்கொண்டது. அடுத்த வாரம் குடிக்கிற கேன் தண்ணீரை எடுத்து, கை பொறுக்கிற சூட்டில் வைத்துக்கொண்டேன். கொதிக்கிற தண்ணீர் ஆகாது, அடியில் முடியைப் பிடித்திருக்கும் பசை விட்டுவிடும். கேன் தண்ணீரில் நுரை நன்றாக வந்தது. முகத்துக்குப் பதில் இடது உள்ளங்கையில் பிரஷ்ஷைச் சுழற்றினேன், அழுத்தாமல், நுனி மட்டும் படும்படி. நுரையோடு ஓரிரவு அப்படியே விட்டுவிட்டுக் காலையில் அலசினால் நாற்றம் போய்விடும் என்றார்கள். போகத்தான் செய்தது. முதல் சில வாரம் முடி உதிர்ந்தது. பயந்துவிட்டேன். அப்புறம் தானாகவே நின்றது. அலசி முடித்ததும் முறுக்கிப் பிழியக் கூடாது, உதறிவிட்டுத் துண்டில் மெல்ல ஒற்ற வேண்டும். ஈரத்தோடு பெட்டியில் போட்டு மூடவே கூடாது. கடல் காற்றில் துணியே காயாது, பிரஷ் எங்கே காயும்? ஜன்னல் கம்பியில் ஒரு கம்பி வளைத்து, முடி கீழே பார்க்கும்படி தொங்கவிட்டேன்.

மனைவி வயிற்றைத் தாங்கிக்கொண்டு கதவில் சாய்ந்து இதையெல்லாம் வேடிக்கை பார்ப்பாள்.

"குளிப்பாட்டறியே, தல தொவட்டறியே, சாம்பிராணி போட்டுத் தொட்டில்ல போட வேண்டியதுதான் பாக்கி. நல்லாப் பழகிக்கோ. பொறந்தா நான் காலு மேல காலு போட்டுகினு குந்திப்பேன்."

எனக்கும் சிரிப்பு வரும். அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் அதற்கு முன்னாலும் இருந்ததில்லை, பின்னாலும் இல்லை.

எட்டாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கையில் நுரையோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து அவள் கூப்பிட்டாள். குரலே சரியில்லை. "மாமா, காத்தாலேருந்து அசைவே இல்ல." பிரஷ்ஷை அப்படியே சொம்பில் போட்டுவிட்டு ஓடினேன். ஆட்டோ பிடித்துச் செங்கல்பட்டுப் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் அவள் வயிற்றைத் தட்டித் தட்டிக் குழந்தையைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். டாக்டர் அம்மா ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்து, நகர்த்தி, மறுபடி நகர்த்தி, பிறகு எடுத்துவிட்டார். யார் மேலும் குற்றம் இல்லை, சில சமயம் இப்படி ஆகிவிடுகிறது என்றார். குற்றம் சொல்ல ஒரு ஆளாவது இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். அதற்கும் வழியில்லை.

மறுநாள்தான் பிரசவம் ஆனது. பெண் குழந்தை. அவள் மயக்கத்தில் கிடந்தாள். "அவளுக்குக் காட்ட வாணாம்" என்று அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தா அந்த மொகம் கண்ணுலயே நிக்கும். பைத்தியம் புடிச்சிரும். நீயும் ஒண்ணும் சொல்லாத. எம்மேல சத்தியம்." துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். அத்தை ஊருக்கு ஆட்டோவில் போகிற வழியில் துணியை விலக்கிப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். ஏரிக்கரையில் குழிக்குள் வைத்துவிட்டு வந்தோம்.

கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "யாரு ஜாடை மாமா?"

"சரியாப் பாக்கல."

"பொய்."

அன்றைக்கு ஆரம்பித்தது. சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்தால் கேட்பாள். துணி மடிக்கும்போது கேட்பாள். எந்நேரமும் அழுதுகொண்டிருந்தாள் என்று நினைக்க வேண்டாம், அழுகைகூட வற்றிப்போயிருந்தது. அவளுக்கு வேண்டியது அந்த ஒரு முகம். சுமந்தவள் அவள், பார்த்தவன் நான். இதைவிட அநியாயம் என்ன இருக்கிறது? சொல்ல வாயைத் திறப்பேன். வார்த்தை வராது. சத்தியத்துக்குப் பயந்து இல்லை. சொன்னால் எல்லாம் நடந்தது நடந்ததுதான் என்று ஆகிவிடும் போல ஒரு பயம். எழுந்து வெளியே போய்விடுவேன். கடைசியில் அவள் என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

சில வாரம் அத்தை வீட்டில் இருந்துவிட்டு மாமல்லபுரம் திரும்பினோம். கதவைத் திறந்ததும் குளியலறைப் பக்கமிருந்து அழுகல் நாற்றம். பிரஷ் அதே சொம்பில், அதே தண்ணீரில் கிடந்தது. முடி ஒன்றோடொன்று ஒட்டி, அடியில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை. தூக்கிக் குப்பையில் போட்டிருக்க வேண்டும். எனக்கு என்ன வீம்போ தெரியவில்லை, அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வெதுவெதுப்பான தண்ணீரில் எலுமிச்சைச் சாறு விட்டு ஊறவைத்தேன், அலசினேன், ஷாம்பு போட்டேன், மறுபடி அலசினேன். பழைய சீப்பால் அடியிலிருந்து மெல்லச் சிக்கெடுத்தேன். கொத்தாக முடி வந்தது. மிச்சம் நின்றது. அவள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அதைவிடக் கொடுமை தெருவில் இருந்தது. என் தாடிதான். எதற்கு வளர்க்கிறேன் என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரரிலிருந்து ஹோட்டல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் தெரியும். நடந்தது செங்கல்பட்டில், இவர்களுக்கு யார் போய்ச் சொல்வது? டீக்கடைக்காரர் பார்த்ததும் கேட்டார்.

"இன்னா அண்ணாத்த, ஆளையே காணோம்? இன்னும் ஆவலியா?"

"ஆவல" என்றேன்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். வாய் வந்தால்தானே! தாடி இருக்கிறவரை ஊர் கண்ணுக்குக் குழந்தை இன்னும் வயிற்றில் இருக்கிறது. எடுத்துவிட்டால் பிறந்துவிட்டது, ஸ்வீட் எங்கே என்பார்கள். என்ன முகத்தை வைத்துக்கொண்டு வெளியே போவது? எந்த முகமும் பொய்தான் சொல்லும். எனக்கு ஊர் மேலேயே ஆத்திரம் வந்தது. பாவம், அவர்கள் என்ன செய்தார்கள்?

மேனேஜருக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர் அவசரப்படுத்தவில்லை. ஆனால் சீசன் வந்துவிட்டது, முன்னால் ஆள் போதவில்லை. "உன்னால முடியும்னா திங்கக்கிழமை ரிசப்ஷனுக்கு வந்துருப்பா" என்றார். எத்தனை நாள் ஸ்டோர் ரூமில் ஒளிந்துகொள்வது? சரி என்றேன்.

திங்கட்கிழமை காலை கேன் தண்ணீரைச் சூடு பண்ணினேன். தாடியைக் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டினேன். பிரஷ்ஷை நனைத்து, உதறி, சோப்பில் சுழற்றினேன். அவ்வளவு முடி போன பிறகும் நுரை பொங்கிப் பொங்கி வந்தது. முதல் தடவையாக முகத்தில் வைத்தேன். குத்தவில்லை, உரசவில்லை. அவ்வளவு மெத்தென்று இருந்தது. அப்படி மெத்தென்று இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. கண்ணாடி முன்னால் நின்று நுரையோடு அழுதேன். பிறகு வேறு வழியில்லாமல் சவரத்தை முடித்தேன். தாடிக்கு அடியில் தோல் வெளுத்துப்போய், நோயாளி முகம் மாதிரி இருந்தது. பிரஷ்ஷை அலசி, ஒற்றி, ஜன்னலில் தொங்கவிட்டுக் கிளம்பினேன். அவள் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தாள்.

டீக்கடையைத் தாண்டாமல் ஹோட்டலுக்குப் போக முடியாது. குனிந்துகொண்டு நடந்தேன். விடுவாரா?

"அட அண்ணாத்த! மூஞ்சி பளபளன்னு கீது! ஆயிடுச்சா? இன்னா கொயந்த?"

நின்றுவிட்டேன். "பொண்ணு" என்றேன்.

"மகாலச்சுமி! ஜாடை யாரு, உன்ன மாரியா, அவுங்கம்மா மாரியா?"

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. இத்தனை வாரம் வராத வார்த்தை தானாக வந்தது. "அவங்கம்மா ஜாடைதான்" என்றேன். "அதே நெத்தி. தல நெறைய முடி, கருகருன்னு, காதோரம் சுருண்டுகினு கீது. மூக்கு மட்டும் எங்க அப்பா மாதிரி. வெரலு நீளம், நகங்கூட வளந்துகீது. கண்ணு பெருசு." நிறுத்த முடியவில்லை. சொல்லிக்கொண்டே போனேன். அவர் எனக்கென்று ஆற்றிய டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டே நின்றார். அப்புறம் என் கண்ணைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல நின்றது. கிளாஸை மேடையில் வைத்தார்.  நான் டீயைத் தொடவில்லை.

ஹோட்டலுக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பினேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"யாருனா கேட்டாங்களா?"

"டீக்கடையில கேட்டாரு."

"இன்னா சொன்ன?"

"பொண்ணுன்னு சொன்னேன்."

"ஜாடை கேட்டிருப்பாரே."

"கேட்டாரு."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "அந்த ஆளுக்கு இன்னா சொன்னியோ, அத எனக்கும் சொல்லு."

சொன்னேன். முடியைச் சொன்னேன், காதோரச் சுருளைச் சொன்னேன். நெற்றியைச் சொன்னபோது அவள் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மூக்கைச் சொன்னேன், விரலைச் சொன்னேன். அதோடு நிறுத்தினேன்.

"கண்ணு?"

அவளிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெர்ல. மூடிகினு இருந்துச்சு."

அவள் கண்ணை மூடி, தன் இமையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"பெருசாத்தான் இருந்திருக்கும்" என்றாள்.