ஆடி மாதத்து முகவரி

கல்யாணமாகி இரண்டு வாரம்கூட ஆகாத கணவனையும் மனைவியையும் ஏன் தனித்தனி வீட்டில் வைத்தார்கள் என்று ஒரு கனடா அதிகாரிக்கு ஆங்கிலத்தில் விளக்கி எழுதும் வேலை எனக்கு வந்தது. நானே எழுதினேன். அதை எழுதிய கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

என் கணவர் கனடாவில் வேலை பார்க்கிறார். அங்கேயே நிலையாகத் தங்கும் உரிமை, எல்லாரும் பி.ஆர். என்று சொல்வது, அவருக்கு இருக்கிறது. எனக்கும் அது கிடைக்க வேண்டுமென்றால் அவர் எனக்குப் பொறுப்பேற்று ஸ்பான்சர் செய்ய வேண்டும், நான் விண்ணப்பிக்க வேண்டும். கல்யாணச் சான்றிதழ் மட்டும் போதாது. விசாவுக்காகக் கழுத்தை நீட்டியவள் இல்லை நான், நாங்கள் உண்மையான கணவன் மனைவிதான் என்று அவர்கள் நம்ப வேண்டும். நம்பவில்லை என்றால் மறுத்துவிடுவார்கள். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவர் அங்கே, நான் இங்கே என்று இன்னும் எத்தனை வருடம் போகுமோ தெரியாது.

எங்கள் வீடு நூம்பலில். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரியில் லோடு ஏற்றுகிறவர். அம்மா ஒரு மசாலா கம்பெனியில் பாக்கெட் போடுகிறாள். இருவரும் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. எங்கள் இரண்டு பக்கத்து சொந்தத்திலும் முதலில் படித்தவள் நான். பள்ளியில் படிக்கும்போதே வங்கிக்கும் ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அம்மா என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவாள். தெருவில் யாருக்கு ஆங்கிலத்தில் தபால் வந்தாலும் அது எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். பட்டப்படிப்பு முடித்து, அப்பா லோடு ஏற்றும் அதே எஸ்டேட்டுக்குள் கழுத்தில் அடையாள அட்டையோடு வேலைக்குப் போனேன். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் எரிச்சலோடு அனுப்பும் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதும் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டும், அது நான் உழைத்துச் சேர்த்தது.

மாமனார் ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, குவார்ட்டர்ஸில் பிள்ளைகளை வளர்த்து, பிறகு பருத்திப்பட்டில் ஏரிக்குப் பக்கமாக வீடு கட்டிக்கொண்டவர்கள். மகன் லீவில் வந்த நேரத்தில் பெண் பார்த்து, ஆனி மாதம் முடிவதற்குள் திருவேற்காட்டில் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். அப்புறம் ஆடி வந்தது.

அம்மா வரிசைத் தட்டோடு பருத்திப்பட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"ஆடி பொறக்கப் போவுது சம்மந்தி. பொண்ண இட்டுக்கினு போறேன்."

"நானே சொல்லணும்னு இருந்தேன், மதினி," என்றார் மாமியார்.

இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்த என் கணவர், "அத்தை, ஆடி முடிஞ்ச கையோட நான் ஃப்ளைட் ஏறணும். எனக்கு லீவே அவ்வளவுதான்," என்றார்.

"அதுக்கு நான் இன்னா பண்றது மாப்ள? ஆடிய கொஞ்சம் தள்ளி வெக்கச் சொல்லி மனு குடுக்கட்டுமா?"

மாமனார் செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். அவர் சிரித்தது தாள் ஆடியதிலிருந்து தெரிந்தது.

தலையாடி விருந்துக்கு என் கணவரும் நூம்பலுக்கு வந்தார். வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டார்கள், புது வேட்டி சட்டை கொடுத்தார்கள், சாயங்காலம் தனியாக அனுப்பிவிட்டார்கள். புதுப்பெண் ஆடியில் உண்டானால் பிள்ளை சித்திரை வெயிலில் பிறக்கும், அதனால்தான் இந்தப் பிரிப்பு. காரணம் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஷேர் ஆட்டோவில் போய்விடக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டு நாங்கள் தினமும் வீடியோ காலில் பேசினோம். கனடாவிலிருந்து இவ்வளவு தூரம் வந்ததே இதற்குத்தானா என்று அவர் கேட்பார்.

எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை, பெண்களோடு நானும் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று ஊற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வரிசையில் ஒரு எவர்சில்வர் தூக்கோடு என் கணவர் நிற்கிறார்.

"இன்னா மாப்ளே, பருத்திப்பட்டுல கூழு ஊத்தலையா? இம்மாந்தூரம் வந்துக்கீறே?" என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

"இந்த ஊரு கூழு டேஸ்ட்டா இருக்கும்னு சொன்னாங்கண்ணே."

"கூழா டேஸ்ட்டு, ஊத்தற கையி டேஸ்ட்டா?"

தெருவே சிரித்தது. அம்மா வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டாள். "வாங்கிக்கினு கெளம்புங்க மாப்ள. பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க." அந்த நேரத்தில் யாரோ போனில் படம் பிடித்தார்கள். படத்தில் நான் கரண்டியைச் சாய்த்தபடி தலைகுனிந்திருக்கிறேன், அவர் தூக்கைக் கவனிக்காமல் என்னைப் பார்க்கிறார், நடுவில் அம்மா கேமராவை முறைக்கிறாள்.

அவர் கனடாவுக்குத் திரும்பிய பிறகு விண்ணப்ப வேலையை ஆரம்பித்தேன். மாமனாருக்குத் தெரிந்த ஒரு கன்சல்டன்ட் அம்பத்தூரில், செல்போன் கடை மாடியில் இருந்தார். நல்ல மனிதர்தான், காபி வாங்கிக் கொடுத்தார். எங்கெங்கே வசித்தேன் என்று ஒரு நாள் இடைவெளிகூட இல்லாமல் எழுத வேண்டிய பக்கம் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு பருத்திப்பட்டு, ஆடியில் நூம்பல், மறுபடி பருத்திப்பட்டு என்று எழுதி வைத்திருந்தேன். அவர் அதைப் படித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"சிஸ்டர், நடுவுல இருக்கற நூம்பலத் தூக்கிடுங்க. ஒரே அட்ரஸா போட்டுடலாம்."

"நான் அங்கதான சார் இருந்தேன்?"

"இருந்தீங்க, யாரு இல்லன்னா? புதுசா கல்யாணமான ஜோடி, மாப்பிள்ளை ஊர்லயே இருக்காரு, பொண்ணு அம்மா வீட்டுல இருக்கு. படிக்கறவன் என்ன நினைப்பான்? சண்டை, இல்லன்னா டூப்புக் கல்யாணம். ரெண்டுல ஒண்ணுதான். ஆடி கீடின்னா அவனுக்குப் புரியுமா?"

"சொன்னா புரியும்."

"நான் இத்தனை ஃபைல் போட்டுருக்கேன். யாரும் ஆடிய எழுதினதில்ல."

அவர் சொன்னதில் எனக்கே பயம் வந்தது. ஆனால் விண்ணப்ப வழிகாட்டியை நான் முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்திருந்தேன். பொய் சொன்னது தெரிந்தால் பல வருடம் விண்ணப்பிக்கவே முடியாது. அதோடு, நாங்கள் பேசிய அழைப்புகளின் விவரத்தையும் அதே ஃபைலில்தான் வைக்கப்போகிறோம். ஒரே வீட்டில் இருந்த புருஷனும் பெண்டாட்டியும் ஆடி மாதம் முழுக்க எதற்கு வீடியோ காலில் பேசினார்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? இதை அவரிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "அப்ப கால் லிஸ்ட்டையும் எடுத்துடலாம்," என்றார்.

ஃபைலை வாங்கிக்கொண்டு படியிறங்கினேன்.

கணவருக்குப் போன் செய்தேன். கன்சல்டன்ட் சொன்னதைச் சொன்னேன். "ரிஜெக்ட் ஆச்சுன்னா தாங்க முடியாதும்மா," என்றார். "பொய் சொல்லி ரிஜெக்ட் ஆனா இன்னும் தாங்க முடியாது," என்றேன். "சரி, நீ எழுது. உன் அளவுக்கு எனக்கு எழுத வராது," என்றார். அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அம்மாவுக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. வேலையிலிருந்து நேராகப் பருத்திப்பட்டுக்கு வந்தவள் கைகூடக் கழுவாமல், மிளகாய்ப்பொடி வாசத்தோடு என் எதிரே உட்கார்ந்தாள்.

"நான் இட்டாந்ததாலதான் உன் ஃபைலு நின்னுடுமா?"

"நிக்காதும்மா."

"பொய் சொல்லாத. வேணும்னா நானே வந்து சொல்றேன் அந்த ஆபீசராண்ட. எனுக்கு இங்கிலீசு வராது. அழுவ வரும்."

அழ வேண்டாம், சொன்னால் போதும் என்றேன். அவள் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதினேன். 'ஆடி மாதத்தில் என் மகளை நான்தான் அழைத்துச் சென்றேன். மாப்பிள்ளைக்கு அதில் விருப்பமில்லை' என்று ஆரம்பித்தது. நோட்டரி முன்னால் கைநாட்டு வைத்தாள். விண்ணப்பிப்பவரின் சொந்தக்காரர் மொழிபெயர்க்கக் கூடாது என்பது விதி. என் வாழ்நாளில் முதல்முறையாக அம்மாவின் பேச்சை வேறொருவர் ஆங்கிலத்தில் மாற்றினார். மாமியாரும் தன் பங்குக்கு ஒன்று எழுதிக் கொடுத்தார்.

என் விளக்கத்தை அலுவலகத்தில் வாடிக்கையாளருக்கு எழுதுவது போலவே எழுதினேன். என்ன நடந்தது, ஏன் நடந்தது, அதற்கு என்ன ஆதாரம். முதல் வடிவத்தில் பண்பாடு, பாரம்பரியம் என்று பெரிய வார்த்தைகளாக வந்து விழுந்தன. எல்லாவற்றையும் அடித்தேன். கடைசியில் ஒரே ஒரு பக்கம் மிஞ்சியது. தலையாடி விருந்துப் படம், அழைப்பு விவரம், கூழ் வரிசைப் படம் மூன்றையும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் கீழே குறிப்பு எழுதி அனுப்பினேன்.

பல மாதம் சத்தமே இல்லை. பிறகு நேர்காணலுக்கு அழைத்தார்கள். வீடியோவில் பேசலாம், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் தருவோம் என்று இருந்தது. வைத்துக்கொள், பதற்றத்தில் வார்த்தை தடுமாறும் என்று கணவரும் மாமனாரும் சொன்னார்கள். வேண்டாம் என்று பதில் போட்டேன். ஊரில் பாதிப் பேருக்கு மொழிபெயர்த்தவள் நான், எனக்கு ஒருவர் எதற்கு?

பருத்திப்பட்டு வீட்டு முன்னறையில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தேன். மாமியார் குக்கரை அடுப்பில் ஏற்றவில்லை. தெருவில் ஒலிபெருக்கி கட்டி இட்லி மாவு விற்கும் வண்டிக்காரரை மாமனார் தெருமுனையிலேயே மறித்து நிறுத்திவிட்டார்.

அதிகாரி ஒரு பெண். எங்கே சந்தித்தீர்கள், யார் பேசி முடித்தார்கள் என்று ஆரம்பித்து நேராக ஆடிக்கு வந்தார். கணவர் நாட்டில் இருந்ததே சில வாரங்கள், அதில் பாதியை உங்கள் அம்மா எடுத்துக்கொண்டார், நீங்கள் மறுக்கவில்லையா என்று கேட்டார்.

கடிதத்தில் எழுதாத ஒன்றை அப்போது சொன்னேன். நான் சித்திரையில் பிறந்தவள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீட்டில், ஃபேன் இல்லாமல், ஈரத்துணியை என்மேல் மாற்றி மாற்றிப் போட்டு அம்மா என்னைக் காப்பாற்றினாள். எங்கள் ஊரில் பலர் வழக்கம் என்பதற்காகப் பிரித்து வைப்பார்கள். என் அம்மா அந்த வெயிலைப் பார்த்தவள். இப்போது எங்களுக்குத் தளம் போட்ட வீடு இருக்கிறது, ஏ.சி. உள்ள ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனாலும் அவளிடம் மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. இதை எங்கும் தடுமாறாமல் சொன்னேன்.

அவர் திரையில் எதையோ திறந்தார். "வரிசையில் நிற்கும் இந்தப் படத்தில், நடுவில் இருப்பவர் யார்?"

"என் அம்மா."

கொஞ்ச நேரம் பார்த்தார். "உங்கள் கணவர் விதியை மீறியிருக்கிறார்."

"கூழ் வாங்க வரக்கூடாது என்று விதி இல்லை, மேடம்."

அவர் முதல்முறையாகச் சிரித்தார். இன்னும் இரண்டொரு கேள்வி கேட்டுவிட்டு நன்றி சொன்னார்.

முடிவு வந்த அன்று சனிக்கிழமை காலை, நான் நூம்பலில் இருந்தேன். நேரவித்தியாசத்தில் அவர்களுடைய கடிதம் எந்த நேரத்திலும் வரும். போனில் திறந்து ஒருமுறை படித்தேன், நம்பாமல் மறுமுறை படித்தேன். விண்ணப்பம் ஏற்கப்பட்டது, பாஸ்போர்ட்டை அனுப்பவும். கணவரை எழுப்பிச் சொன்னேன். தூக்கக் குரலில் "திரும்பப் படி," என்றார். படித்தேன். அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அப்புறம் அம்மாவிடமும் அப்பாவிடமும் ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை படித்தேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். அவருக்கு மகிழ்ச்சி வந்தால் வீட்டில் இருக்கத் தெரியாது. அம்மா மட்டும், "அந்த ஆடி விசயத்துக்கு ஒண்ணும் சொல்லலையா?" என்றாள்.

"ஒண்ணும் சொல்லல. ஒத்துக்கினாங்க."

அவள் முகத்தில் பல மாதமாக இருந்த ஏதோ ஒன்று இறங்கியது. எழுந்து காலிக்குடங்களை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். ஜன்னல் வழியாகக் கேட்டது.

"எந்த ஏஜென்ட்டு முடிச்சுக் குடுத்தாங்கக்கா?" என்றாள் எதிர்வீட்டுப் பெண்.

"ஏஜென்ட்டா? எம்பொண்ணுதான் எய்துனா. அந்த ஆபீசரம்மா கேட்டதுக்கெல்லாம் அவளே பதில் சொன்னா."

"இங்கிலீசுலயா?"

"பின்ன, நான் பேசற மாறியா பேசுவா? நானும் ஒரு பேப்பர் குடுத்துக்கீறேன், தெரியுமா. என் கைநாட்டு கனடாவுல கீது."

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்திருந்தாள். நான் போய் அடுத்த குடத்தை வைத்தேன்.