தையல்காரரின் நூறாவது மணி

எங்கள் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் 'நாளைக்கு'. என் அம்மாவின் பெரியம்மா மகளைக் கட்டியவர், அந்த வழியில் எனக்குச் சித்தப்பா. அப்பா வழியில் கணக்குப் போட்டால் மாமா முறை வரும். முறை எப்படி அப்படி இடித்தது என்று கேட்காதீர்கள், அது நாலு வீட்டில் பேச்சுவார்த்தையை நிறுத்திய சமாசாரம். கூப்பிட வாய்க்கு வசதியாக இருந்ததால் சித்தப்பா என்றே வைத்துக்கொண்டேன்.

தொழிலில் கை சுத்தம். அவர் தைத்த சட்டை, தோளோடு பிறந்தது போல உட்காரும். ஆனால் சொன்ன நாளில் கொடுத்தார் என்று சரித்திரமே கிடையாது. துணியோடு யார் படியேறினாலும், கழுத்திலிருந்து டேப்பை எடுப்பதற்கு முன்னால் வாயிலிருந்து வந்துவிடும்: "நாளைக்கு வாங்க." மறுநாள் போய் நின்றால், "பட்டன் மட்டும்தான் பாக்கி" என்பார். துணி, கடையில் மடித்துக் கொடுத்த மடிப்புக் கலையாமல் அலமாரியில் தூங்கும்.

ஒரு தடவை கேட்டேவிட்டேன். "ஏன் சித்தப்பா, அடுத்த வாரம்னு உள்ளதைச் சொன்னா என்ன?"

"அடுத்த வாரம்னா மூஞ்சி தொங்கிப் போகுதும்மா. நாளைக்குன்னா மலருது. மலர்ந்த மூஞ்சியைப் பார்த்தாத்தான் எனக்கு மெஷின் மிதிக்கக் காலே வருது."

மூலையில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்த சித்தி தலை நிமிராமல், "மிதிச்ச லட்சணம்தான் ஊருக்கே தெரியுதே" என்றாள்.

இப்படி இருந்த மனிதரின் கடையில்தான் பெட்டி வந்து மாட்டினார்கள்.

அவர் கடையில் மட்டுமா, வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை, வாசல் நிலைக்கு மேலே. சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். யாராவது பொய் சொன்னால் சிவப்பு விளக்கு எரிந்து டொய்ங் என்று மணி அடிக்கும். எது பொய் என்று அதற்கு எப்படித் தெரியும்? பொய் சொல்லும்போது சொல்கிறவர் குரலில் ஒரு பிசிறு விழுமாம். அதைப் பிடித்துக்கொள்ளுமாம். அரசாங்கத்து உண்மைத் துறையிலிருந்து வந்தவர் இதை விளக்கியபோது சித்தப்பா, "குரல்ல பிசிறுன்னா ஓவர்லாக் போட்டுட வேண்டியதுதானே?" என்றார். வந்தவர் சிரிக்கவில்லை.

வருஷத்துக்கு ஒருவருக்கு நூறு மணி வரை மன்னிப்பு கிடையாது, ஆனால் பொறுமை உண்டு. நூறாவது மணி அடித்தால் ஜன்னல் இல்லாத வண்டி வந்து திருத்தல் விடுதிக்கு அழைத்துப் போகும். மூன்று மாதம். ஒரே ஒரு சலுகை: சொன்னது நடக்கப் போகிற விஷயமாக இருந்து, மறுநாள் மாலை ஆறு மணிக்குள் சொன்னபடி நடந்துவிட்டால் அந்த மணியை அழித்துவிடுவார்கள். இந்தச் சலுகையால் சித்தப்பாவுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

முதல் நாள் எங்கள் தெரு முழுக்கச் சைக்கிள் பந்தயம் போல மணிச் சத்தம். "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு, ஆச்சு." டொய்ங். "குழந்தை அழகா இருக்கு." டொய்ங். விருந்தாளி எழுந்து "வரேன்" என்றால் டொய்ங். பிறகு எல்லோரும் உஷாராகிவிட்டார்கள். விருந்தாளிகள் வாயே திறக்காமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பூனை மாதிரி நழுவினார்கள்.

விடுதிக்கு எங்கள் தெருவிலிருந்து முதலில் போனவர் ரொட்டிக்கடைக்காரர். 'இன்னிக்குச் சுட்டது' என்றே தினமும் சொல்லி நூறை எட்டியவர். போகும்போது கலகலப்பான ஆள். திரும்பி வந்தபின், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், "இடது முழங்கால் வலிக்குது. உங்களைப் பார்த்ததுல சந்தோஷம் இல்லை" என்பார். பெட்டி சத்தமே போடாது.

சித்திக்கு அதைக் கண்டுதான் பயம் பிடித்தது. "இவரை இந்த மாதிரி ஆக்கி அனுப்பினா நான் யாரோட குடும்பம் நடத்தறது? இவர்கிட்ட இருக்கிறதே அந்த வாய் ஒண்ணுதான்" என்று என்னிடம் சொல்லி அழுதாள்.

வருஷம் முடிய ஆறு வாரம் இருக்கும்போது சித்தப்பாவின் எண்ணிக்கை தொண்ணூற்று ஒன்பது. சித்தி ஒரு வழி கண்டுபிடித்தாள். படியில் ஆள் காலடி கேட்டால், சித்தப்பா உதட்டுக்கு நடுவில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொள்ள வேண்டும். தையல்காரர் வாயில் ஊசி இருந்தால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். பதிலெல்லாம் சித்தி சொல்லுவாள்: "எப்பன்னு தெரியாதுங்க." மூஞ்சிகள் தொங்கின. சித்தப்பா ஊசியோடு பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். இப்படியே முப்பது நாள் ஓட்டினார்கள்.

அன்று காலை பத்து மணிக்குச் சித்தி நூல்கண்டு வாங்கப் போயிருந்தாள். நான் கடையில் உட்கார்ந்து ஒரு பாவாடைக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தேன். கோட்டுத் துணியோடு படியேறி வந்தவர் உண்மைத் துறை அதிகாரி. தெருவில் அவருக்குக் 'காது' என்று பெயர். துறை அலுவலகத்தில் பதின்மூன்று வருஷமாகவே பெட்டி உண்டாம், அதன் அடியிலும் ஒரு மணிகூட வாங்காதவர். பேசினால்தானே!

பெரிய மனிதர் வந்திருக்கிறாரே என்று மரியாதைக்காகச் சித்தப்பா வாயிலிருந்து ஊசியை எடுத்தார். போச்சு.

"எப்ப கிடைக்கும்?"

"நாளைக்கு வாங்க."

டொய்ங்.

நூல்கண்டோடு வந்த சித்தி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக்குச் சாயந்திரம் ஆறு மணி. ஒண்ணு கோட்டு இருக்கணும், இல்லேன்னா நீங்க வண்டியில இருக்கணும்." தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

முப்பத்திரண்டு வருஷத் தொழிலில் சித்தப்பா முதல் தடவையாகத் துணி வந்த அதே மணியில் கத்தரியைக் கையில் எடுத்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது. சித்தி எழுந்து, "ஏங்க, அழறதா இருந்தா துணி மேல அழாதீங்க, கறை போகாது" என்று சாக்பீஸை நீட்டினாள்.

மறுநாள் பொழுது விடிந்ததும் நான் போனபோது கடையில் எள் போட இடமில்லை. சித்தப்பாவால் வருஷக்கணக்கில் அலைந்தவர்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி லைனிங் கோத்தாள். ஒருவர் பை தைத்தார். ரொட்டிக்கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மணிக்கொரு தரம், "இது ஆறு மணிக்குள்ள முடியாது" என்றார். பெட்டி அடிக்கவில்லை. எங்களுக்கு வயிறு எரிந்தது.

"வாயை மூடிட்டுத் தேய்ங்க அண்ணே" என்றாள் சித்தி.

"மூட எனக்கு விருப்பமில்லை" என்றார் உண்மையாக.

ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கடைசிப் பட்டனைச் சித்தி வைத்து நூலைப் பல்லால் கடித்தாள். தெருமுனையில் வண்டிச் சத்தம்.

அதிகாரி கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். இந்தப் பக்கம் திரும்பினார். அந்தப் பக்கம் திரும்பினார். அவருக்கு வலது தோள் கொஞ்சம் இறக்கம், அதை யாரும் கவனித்ததில்லை. சித்தப்பா கவனித்து உள்ளே பஞ்சு வைத்து ஏற்றியிருந்தார். மனிதர் தன்னையே முதல் தடவை பார்ப்பவர் போலப் பார்த்தார். நோட்டை எடுத்து நூறை அடித்துத் தொண்ணூற்று ஒன்பது என்று எழுதினார். அந்தக் கிறக்கத்திலேயே வாசல் வரை போனவர், தலையை ஆட்டுவதற்குப் பதிலாக வாயைத் திறந்துவிட்டார்.

"சரி, வரேன்."

டொய்ங்.

அதிகாரியின் முகம் வெளுத்துவிட்டது. சித்தி மெதுவாகக் கேட்டாள், "உங்களுக்கெல்லாம் எத்தனை மணி அடிச்சா வண்டிங்க?"

"ஒண்ணு."

வெளியே வண்டி ஓட்டுநர் தலையை நீட்டிப் பார்த்தார். சித்தப்பாதான் அதிகாரியின் தோளில் கை வைத்தார். "பயப்படாதீங்க சார். திரும்பி வந்துட்டா அழிஞ்சிடுமில்ல? நாளைக்கு வாங்க."

எல்லோரும் நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தோம். அது கம்மென்று இருந்தது. அவர் வாயிலிருந்து வந்த 'நாளைக்கு'க்கு அது அடிக்காமல் இருந்தது அன்றுதான்.

மறுநாள் அதிகாரி வந்தார். பத்து நிமிஷம் முள்மேல் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துவிட்டுத் தலையை ஆட்டியபடி கிளம்பினார். சித்தி விடுவாளா? "கிளம்பிட்டீங்களா?" என்றாள் கரிசனமாக. ஒரு வீட்டு வாசலில் நின்று 'போறேன்' என்று சொல்ல எந்த நாக்குக்குத்தான் வரும்? "வரேங்க" என்றார். டொய்ங். மறுநாளும் வர வேண்டியதாயிற்று. அதற்கு மறுநாளும். சித்தி தினமும் மறக்காமல் வாசல் வரை வந்து கேட்டாள்.

பன்னிரண்டாம் நாள் "வரேன்" என்றபோது மணி அடிக்கவில்லை. அதிகாரி திடுக்கிட்டு, ஸ்டூல் போட்டு ஏறிப் பெட்டியை விரலால் தட்டிப் பார்த்தார். "பழுதாயிடுச்சா?"

"பெட்டி நல்லாத்தான் இருக்கு" என்றாள் சித்தி. "நீங்கதான் பழுதாயிட்டீங்க."

அவர் அந்த ஸ்டூலிலிருந்து இறங்காமலே பெட்டியைக் கழற்றினார். ஒயர் பிடுங்கிய பிறகுதான் நோட்டில், 'தையல் மெஷின் சத்தத்தில் வேலை செய்யவில்லை' என்று வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினார். மற்ற வீடுகளிலும் தெருக்களிலும் பிறகு பெட்டிகள் எப்படிப் போயின என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்தது இதுதான்.

இப்போது சித்தப்பாவுக்கு வயது எழுபத்தாறு. அந்தப் பெட்டியில்தான் பட்டன் போட்டு வைத்திருக்கிறார். ஓய்வு பெற்ற அதிகாரி அதே ஸ்டூலில் உட்கார்ந்து காலை முழுக்கக் கை வேலை பார்க்கிறார். போன வாரம் என் ரவிக்கையைக் கேட்கப் போனேன், கொடுத்து இரண்டு மாதமாகிறது. சித்தப்பா வாயில் ஊசி. அதிகாரிதான் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, முகம் மலரச் சொன்னார்:

"பட்டன் மட்டும்தாம்மா பாக்கி."

அலமாரியைத் திறந்தேன். துணி, மடிப்புக் கலையாமல் இருந்தது.