பிரேக் மூப்பர்

பிரசங்கம் நீண்டுகொண்டே போனால் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். பழகுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்து மிதித்து வந்த பழக்கம், காரை விட்டு இறங்கினாலும் கூடவே வருகிறது. சாப்பாட்டு மேசைக்கு அடியிலும் மிதிப்பார். "இது வீடுங்க, யாரும் குறுக்க வரல" என்பார் மனைவி. சபை இளைஞர்கள் வைத்த பெயர் பிரேக் மூப்பர். அது அவர் காதுக்கும் எட்டிவிட்டது. "ஹாரன் மூப்பர்னு வைக்காம விட்டாங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்று சிரித்தார்.

சின்ன சபை. போதகர் என்று தனியாக ஒருவர் இல்லை, மூப்பர்கள் மூன்று பேர் சேர்ந்து நடத்துகிறார்கள். அப்போஸ்தலர்கள் எந்தச் சபையையும் ஒரே ஆள் கையில் ஒப்படைக்கவில்லை என்பது இவர் கட்சி. "ஸ்டியரிங் ஒருத்தர்கிட்ட இருந்தா, பக்கத்துல இன்னொருத்தர்கிட்ட பிரேக் இருக்கணும்ல?" என்பார். மூப்பன் மந்தையை அதட்டி ஆளக் கூடாது, தானே முன்னால் நடந்து காட்ட வேண்டும் என்று பேதுரு எழுதியதைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவார். ஆனால் அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் மற்ற இருவரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. மூவர் என்பது பேருக்குத்தான். இது அவர் ஒருவருக்கு மட்டும் தெரியாது.

அவருடைய தங்கை மகளுக்கு நிச்சயித்திருந்த கல்யாணம் திடீரென்று நின்றுபோனது. "அயர்ன் கடைக்காரிதாண்ணே மாப்பிள்ள வீட்டுல போய்க் கோள் சொல்லியிருக்கா" என்று தங்கை வந்து அழுதாள். அயர்ன் கடை நடத்தும் அந்த அம்மாள் இதே சபைதான். அடுத்த ஞாயிறே மூப்பர் எழுந்து நின்று, மனந்திரும்பும்வரை அப்பம் பகிரும் திருவிருந்தில் அந்த அம்மாளுக்குப் பங்கில்லை என்று எல்லோர் முன்பும் அறிவித்துவிட்டார்.

"நான் எதுவும் சொல்லலண்ணே" என்றார் அந்த அம்மாள்.

"சபைக்குக் கீழ்ப்படிங்கம்மா" என்றார் இவர்.

அந்த அம்மாள் கீழ்ப்படிந்தார். வாராவாரம் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அப்பத் தட்டு வரும்போது மடியில் இருக்கும் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

போன மாதம் தங்கை மகள் மாமாவிடம் கார் பழக வந்தாள். இரண்டாம் கியரில் போய்க்கொண்டிருக்கும்போது, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "மாமா, அந்த அயர்ன் கடை அக்கா பாவம். எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்னு நான்தான் மாப்பிள்ளைக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அம்மாவுக்குப் பயந்துக்கிட்டு வாயே திறக்கல."

கார் நடுச்சாலையில் நின்றது. பின்னால் ஹாரன்கள் அலறின. மிதித்தது அவர்தான்.

இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஒருவர் மேல் குற்றம் சாட்டக் கூடாது என்று வேதபாடம் எடுப்பவர். சொந்தத் தங்கை கண்ணைக் கசக்கியதும் ஒரு சாட்சியே போதும் என்றாகிவிட்டது. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. வேதத்தைப் பிரித்தால் எழுத்து ஓடவில்லை.

மருந்துக்கடை வைத்திருக்கும் இன்னொரு மூப்பர் யோசனை சொன்னார்: "வீட்டுக்குப் போய்த் தனியா மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடுங்கண்ணே. சபை முன்னாடி சொன்னீங்கன்னா நாளைக்கு நம்ம பேச்ச யாரு மதிப்பா?"

"நான் தனியாவா அவங்கள ஒதுக்கி வச்சேன்?"

மூன்றாமவர் வழக்கம்போலத் தலையை ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பிரேக் மூப்பர் எழுந்து நின்றார். "அயர்ன் கடை அம்மா எந்தத் தப்பும் பண்ணல. என் தங்கச்சி சொன்னான்னு தீர்ப்பு சொல்லிட்டேன். அவங்ககிட்ட ஒரு வார்த்தை விசாரிக்கல. மன்னிச்சுக்கங்கம்மா. மூப்பரா நான் இருக்கலாமா வேணாமான்னு நீங்க எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க." தங்கை கைப்பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினாள். அவர் கூப்பிடவில்லை.

அப்பத் தட்டை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போவது எப்போதும் இவர் வேலை. மருந்துக்கடைக்காரர் தட்டை இவரிடம் நீட்டினார். இவர் வாங்கவில்லை. கீழே இறங்கி நடந்து, கடைசி வரிசையில், அந்த அம்மாளுக்கு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். யாரும் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை. தட்டு கடைசி வரிசைக்கு வந்தது. அந்த அம்மாள் ஒரு அப்பத் துண்டை எடுத்துக்கொண்டு, தட்டை இவர் பக்கம் நகர்த்தினார். இவர் தரையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார்.

"எடுங்கண்ணே. எல்லாரும் காத்திருக்காங்க."

அவர் தட்டில் கை வைக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றாகச் சேர்த்து, அந்த அம்மாள் முன்னால் ஏந்தினார்.