சுண்ணாம்பு அழிந்த டயர்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அத்தையின் கல்யாணத்துக்காகச் சித்தப்பா தன் குட்டிக் காருக்கு ஜீப் டயர்களை மாட்டினார்.
2. டயர்களின் பக்கவாட்டில் என்னைச் சுண்ணாம்பு பூசச் சொன்னார்.
3. ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்ததும் சுண்ணாம்பு அழிந்திருந்தது.
4. நான் காரில் ஏற மறுத்தேன்.
5. கல்யாணம் நின்றது.

நான்காவதுதான் ஐந்தாவதற்குக் காரணம் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். நான் ஒருமுறைகூட ஒப்புக்கொண்டதில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. அத்தை கொடைக்கானலில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வத்தலக்குண்டு மாப்பிள்ளை வீட்டார் இரண்டு நிபந்தனைகள் வைத்தார்கள். பெண் வேலையை விட வேண்டும். பெண்ணழைப்புக்குக் காரில் வந்து இறங்க வேண்டும். முதலாவதை அப்பா, தன் தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒப்புக்கொண்டார். இரண்டாவதைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார்.

காரின் டயர்கள் நூல் தெரியத் தேய்ந்திருந்தன. எஸ்டேட் ஜீப்பில் கழற்றிய நான்கு டயர்கள் கிடைத்தன. உள்வட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் ஏறி உட்கார்ந்துகொண்டன. ஆனால் ரிம் குறுகல். டயர் இருபுறமும் பிதுங்கி, வாயை இறுக்கிக் கட்டிய மூட்டைபோல் நின்றது.

"அகலமா இருந்தாத்தான் ரோட்டக் கவ்விப் புடிக்கும்" என்றார் சித்தப்பா. வெள்ளைக்காரர்களின் கார் டயர்களில் வெள்ளை வளையம் இருக்கும். அந்த அழகுக்காகத்தான் சுண்ணாம்பு.

புறப்படும் நாள் காலையில், ஏரியை வலமாகச் சுற்றி வெள்ளோட்டம் விட்டார். திரும்பி வந்தபோது இடப்பக்கச் சக்கரங்களில், தரையில் படும் ஓரம் சுற்றிலும், மூன்று விரல் அகலத்துக்குச் சுண்ணாம்பு இல்லை. தொட்டுப் பார்த்தேன். தேய்ந்திருந்தது. டயரின் பக்கச் சுவரில் பூசியது தரையில் உரசினால், அந்தச் சுவர் சாய்கிறது என்றுதானே பொருள். ஏரிச் சாலையிலேயே இப்படியென்றால் மலைப்பாதை வளைவுகளில்?

"டயரு சாயிது. நான் ஏற மாட்டேன்."

"கார ஓட்டுறது நானா, நீயா? ஏ கழுத, வெரசா ஏறு. நல்ல நேரம் போயிரும்."

"நான் பஸ்ல வாறேன்."

"வா, வா. முட்டக்கோசு மூட்டையோட மூட்டையாக் கெடந்து வா."

அப்பா கையை ஓங்கினார். நான் நகரவில்லை. அப்போது, பட்டுச்சேலையும் மாலையுமாகக் காருக்குள் உட்கார்ந்திருந்த அத்தை கதவைத் திறந்து இறங்கினாள்.

"புள்ள தனியா எப்பிடிண்ணே போகும்? நானும் அவகூடப் பஸ்ல வாறேன்."

யார் சொல்லியும் அவள் மறுபடி ஏறவில்லை.

மேளத்தோடு காத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் முன் காரிலிருந்து அப்பாவும் சித்தப்பாவும் மட்டும் இறங்கினார்கள்.

"பொண்ணு எங்கங்க?"

"பின்னால பஸ்ல வருது."

எங்கள் பஸ் பெருமாள்மலையில் மூட்டை ஏற்ற நின்று, நல்ல நேரம் முடிந்தபிறகே போய்ச் சேர்ந்தது. அதற்குள் பேச்சு முற்றி, மேளக்காரர்கள் கிளம்பியிருந்தார்கள்.

கார் பத்திரமாக இறங்கியது. சித்தப்பா அதையே சாட்சியாகச் சொல்கிறார். தப்பித்து வந்தது, அளவு சரி என்பதற்குச் சாட்சி ஆகாது. பாலிடெக்னிக்கில் சேர்ந்தபிறகு அந்த ரிம்மை நானே அளந்தேன். அகலம் மூன்றேகால் அங்குலம். டயரோ நாலரை அங்குல ரிம்முக்கென்று செய்தது.

பஸ்ஸில் அத்தை தன் தலையிலிருந்த பூவை எடுத்து எனக்கு வைத்துவிட்டாள். ஜன்னலோரம் உட்காரவைத்து, வளைவுகளை எண்ணச் சொன்னாள். எண்ணிக்கை தவறியபோதெல்லாம் சிரித்தாள். என் விளக்கத்தால்தான் அவள் இறங்கினாள் என்று நான் பெருமையாக இருந்தேன். டயரை அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சித்தப்பா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. நானும்தான். அத்தை அதே பள்ளியில் கணக்கு டீச்சர்.